தண்ணீர் எப்போது ஏறியது

அந்த அறைக்குள் ரப்பரைக் கொண்டுபோகக் கூடாது. பென்சில் போகலாம், பேனா போகலாம், ஒழுகும் மூக்குகளும் பல் விழுந்த வாய்களும் தாராளமாகப் போகலாம். எழுதியதை அழிக்கிற ரப்பர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். கதவோரம் ஒரு ஸ்டூல், அதன்மேல் பழைய பிஸ்கட் டப்பா. வரிசையாக வரும் பிள்ளைகள் டொக் டொக்கென்று ரப்பர்களை அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். வகுப்பு முடிந்ததும் எது யாருடையது என்று ஒரு குட்டிச் சண்டை நடக்கும். பதினோரு வருஷமாக இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை.

டப்பாவை வைத்த டீச்சருக்கு 'டப்பா டீச்சர்' என்று பெயர். ரப்பர் டப்பாவால் மட்டும் வந்த பெயரில்லை. காந்தத்துக்கு ஒரு டப்பா, பொத்தான்களுக்கு ஒன்று, செத்த வண்டுகளுக்கு ஒன்று என்று அலமாரி நிறைய டப்பாக்கள். பிள்ளைகள் தன்னை அப்படிக் கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பாள்.

அவள் டீச்சராக வேண்டும் என்று நினைத்தவளே இல்லை. வேதியியல் படித்துவிட்டு ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருஷம் குப்பை கொட்டினாள். ஊரெங்கும் இருந்து பாட்டில்கள் வரும். மருந்தை விட வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு ஒரே சட்டம்தான். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. கோட்டுக்குக் கீழே இருக்கும் தப்பு எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆறு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் ஏன் என்று எதையும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

பிறகு இந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போன டீச்சருக்கு இரட்டைக் குழந்தை. அவர் திரும்பி வரவே இல்லை.

முதல் நாள் முதல் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், தண்ணி ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டான். ஆறு வருஷம் தண்ணீரோடு கிடந்தவள் திருதிருவென்று விழித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலை தேடத் தோன்றவில்லை.

உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கினாள். ஒரு குழாய், ஒரு ஜன்னல், நீளமாக ஒரு மேஜை. பிள்ளைகளின் நோட்டில் இடப்பக்கம் 'நான் நினைப்பது'. அதைச் சோதனைக்கு முன்பே பென்சிலில் எழுத வேண்டும். வலப்பக்கம் 'நான் பார்த்தது', அது பேனாவில். முதல் வாரமே கதை தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சோதனையைப் பார்த்துவிட்டு, நைசாக இடப்பக்கத்தை அழித்துச் சரியானதை எழுதி வைத்தார்கள்.

"எல்லாரும் எல்லாத்தையும் சரியாவே நினைச்சுட்டா, அப்புறம் எதுக்குடா செஞ்சு பாக்கணும்?" என்று கேட்டாள். மறுநாள் வாசலில் பிஸ்கட் டப்பாவும், தப்புக்கு ஒற்றைக் கோடும் கையெழுத்தும் என்ற பழைய சட்டமும் வந்துவிட்டன.

இப்படியே போயிருக்கும். ஆனால் அது ஆயத்தப் பள்ளி. எட்டிலிருந்து பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வதுதான் அதன் பிழைப்பு. பெற்றோருக்கு வேண்டியது கணக்கு. ஒரு நாள் தலைமை ஆசிரியை அவளை அழைத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"டீச்சர், நான் சுத்தி வளைச்சுப் பேசல. உங்க ரூமைக் கணக்குக்குக் கேக்கறாங்க. வாரத்துல உங்க ரெண்டு வகுப்பையும் சேத்துக் கேக்கறாங்க."

"சோதனை எல்லாம் எங்க செய்யறது மேடம்?"

"புத்தகத்துல படம் இருக்கே." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நெளிந்தார். "வெள்ளிக்கிழமை பெத்தவங்க வராங்க. பெரிய பள்ளியில நுழைவுத் தேர்வுக்கு அறிவியல் கேள்வித்தாள் போடறவரும் வரார். அவங்க முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டுங்க. சுத்தமா, சுருக்கமா, சொதப்பாம. அவங்க வாயைப் பொளந்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சொதப்பாத சோதனை என்றால் மெழுகுவர்த்திதான். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும். வெளியே இருக்கும் தண்ணீர் விறுவிறுவென்று டம்ளருக்குள் ஏறும். நெருப்பு பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் அவள் கையாலேயே எழுதிய அட்டை உண்டு: 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்வதால் தண்ணீர் ஏறுகிறது.' வெள்ளிக்கிழமைக்காகத் தலைமை ஆசிரியை அந்த அட்டைக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் உறைகூடப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒத்திகை. சுடர் அணைந்தது. "பாத்தீங்களா!" என்றாள் டீச்சர். "ஓ!" என்றது வகுப்பு.

"மறுபடியும்" என்றது ஒரு குரல்.

அந்தக் குரலுக்கு உரிய பெண்ணுக்கு 'மறுபடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்பல் இரண்டும் இல்லை. மேஜைமேல் முகவாயை வைத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்துதான் எதையும் பார்ப்பாள். எதைக் காட்டினாலும் இன்னொரு தரம் கேட்பாள்.

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாடா" என்றான் பக்கத்துப் பையன்.

டீச்சர் மறுபடியும் செய்தாள். அந்தப் பெண் திரும்பவும் கேட்க, இன்னொரு தடவையும் செய்தாள். மூன்றாவது தடவை 'மறுபடி' முகவாயை எடுக்காமலே பேசினாள்.

"குடிக்கும்போது ஏறல டீச்சர்."

"என்னது?"

"நெருப்பு காத்தைக் குடிக்குதுன்னு சொன்னீங்கல்ல? குடிக்கும்போது தண்ணி கொஞ்சங்கூட ஏறல. அணைஞ்சு, குடிச்சு முடிச்சப்புறம்தான் கடகடன்னு ஏறுது. ஏன்?"

"அது... தண்ணிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்மா."

"ஏன் பிடிக்கும்?"

நல்லவேளையாக மணி அடித்தது. பிள்ளைகள் ரப்பர் டப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். 'மறுபடி'யின் நோட்டு மேஜையில் திறந்தே கிடந்தது. வலப்பக்கத்தில், 'முதலில் நெருப்பு அணைந்தது. அப்புறம்தான் தண்ணீர் ஏறியது' என்று பேனாவில் கோணலாக எழுதியிருந்தாள்.

டீச்சர் காலி அறையில் இன்னொரு தடவை டம்ளரைக் கவிழ்த்தாள். அந்தப் பெண் சொன்னது அப்படியே சரி. பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை செய்திருப்பாள், இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? யோசித்தபோதுதான் புரிந்தது. சுடர் அணையும் அந்த நொடியில் அவள் ஒரு தடவைகூட டம்ளரைப் பார்த்ததில்லை. "பாத்தீங்களா!" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுவாள். அவர்கள் கண் விரிவதைப் பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை. அதற்குள் தண்ணீர் ஏறி முடித்துவிட்டிருக்கும்.

சாயங்காலம் சமையலறை மேடையில் தட்டும் டம்ளரும் அணிவகுத்தன. டயர்க்கடையிலிருந்து திரும்பிய கணவர் எட்டிப் பார்த்தார்.

"கரண்ட் போகவே இல்லையே, எதுக்கு மெழுகுவத்தி?"

"பேசாம உக்காருங்க. இந்த டம்ளரை மட்டும் பாருங்க, என் மூஞ்சியைப் பாக்காதீங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மூஞ்சியைத்தான் பாக்கறேன். இன்னிக்குத்தான் டம்ளரைப் பாக்கச் சொல்லி விடுதலை குடுக்கறாங்க டீச்சரம்மா."

ஒரு மெழுகுவர்த்தி வைத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் ஏறிய உயரத்தை டம்ளரில் மைக்கோடாகப் போட்டாள். அதே டம்ளர், இரண்டு மெழுகுவர்த்தி. கோட்டைத் தாண்டியது. மூன்று வைத்ததும் இன்னும் மேலே போயிற்று. ஒரே டம்ளருக்குள் இருக்கும் பிராணவாயு ஒரே அளவுதானே? ஒருவர் குடித்தாலும் மூவர் குடித்தாலும் காலியாவது அவ்வளவுதானே?

"லீக் ஆகுது பாரு" என்றார் கணவர்.

"எங்க?"

"நீ கவுக்கும்போதே டம்ளர் ஓரத்துல குமிழி வருது. பஞ்சர் பாக்க டியூபைத் தொட்டித் தண்ணியில முக்குவோம்ல, அதே மாதிரி. உள்ள இருக்கற காத்து வெளிய ஓடுது."

அவள் திரும்பச் செய்தாள். முத்து முத்தாகக் குமிழிகள். மூன்று மெழுகுவர்த்திக்கு நிறைய, ஒன்றுக்குக் கொஞ்சம்.

"நெருப்பு குடிச்சா காத்து குறையணும். இது வெளிய தள்ளுதே" என்றாள், தனக்குத்தானே.

"சூடாச்சுன்னா காத்து உப்பும். இது என்ன பெரிய விஷயம்? வெயில்ல காத்து அடிச்சுட்டுப் போறவன் மறுநாள் காலையில வந்து, டயர் தொளதொளன்னு இருக்கு, நீ ஏமாத்திட்டேன்னு என் சட்டையைப் பிடிக்கறான். நான் என்ன பண்ண, காத்து குளுந்து சுருங்கிடுச்சு." எழுந்து வாளியில் கை கழுவப் போனவர் நின்றார். "ஏன், தப்பா ஏதாவது ஆயிடுச்சா?"

"பதினோரு வருஷமா ஆயிட்டிருக்கு."

அவள் டம்ளரில் கொதிநீரை ஊற்றி, சுழற்றிக் கொட்டிவிட்டு, சூட்டோடு சூடாகத் தட்டில் கவிழ்த்தாள். மெழுகுவர்த்தியும் இல்லை, சுடரும் இல்லை. டம்ளர் ஆற ஆற, தண்ணீர் தயங்கித் தயங்கி உள்ளே ஏறியது. இருவரும் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இந்தக் கேள்வி ரெண்டு வருஷமா நுழைவுத் தேர்வுல வருது. பதில், பிராணவாயு தீர்ந்தது. ஒரு மதிப்பெண். அந்தக் கேள்வியைப் போட்டவரே வந்து உக்காரப் போறார். அவர் முன்னாடி, உங்க பதில் தப்பு சார்னு காட்டப் போறீங்களா?"

"என் பதில் தப்புன்னுதான் மேடம்..."

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்கும் அந்த ரூம் பிடிக்கும் டீச்சர். அதனாலதான் சொல்றேன். காந்தம் செஞ்சு காட்டுங்க. காந்தம் யார் வம்புக்கும் போகாது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அறை போய்விட்டால் உண்மையை எங்கே வைத்துச் சொல்வது? காந்த டப்பாவை எடுத்துத் துடைத்து, மேஜைமேல் தயாராக வைத்தாள். புதன்கிழமை திருத்துவதற்கு நோட்டுகள் வந்தன.

'மறுபடி'யின் நோட்டில் அந்த வலப்பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது. பேனா மை ரப்பருக்கு அழியாததால் எச்சில் தொட்டு விரலால் தேய்த்திருக்கிறாள். மை நீலமாகப் பரவி, தாள் நைந்து, அந்தச் சின்ன ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது. கீழே, அட்டையில் இருந்த இரண்டு வரிகளையும் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டாள். "என்னம்மா இது?"

"அம்மா சொன்னாங்க, பரீட்சையில இதுதான் வருமாம்."

"நீ பாத்தது?"

அந்தப் பெண் நோட்டையே பார்த்தாள். "நான் பாத்தது தப்பு போல டீச்சர்."

அன்று அவள் எதற்கும் மறுபடியும் என்று கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் காந்த டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கைக்கு எட்டாத தட்டு அது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. கேள்வித்தாள் போடுபவர் ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு பென்சிலும் ஒரு ரப்பருமாக வந்தார். வாசலில் பிள்ளைகள் அவரை மறித்துக்கொண்டார்கள்.

"சார், ரப்பரைப் போட்டுட்டு வாங்க."

"எதுக்கு?"

"இங்க யாரும் அழிக்கக் கூடாது சார்."

அவர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். தலைமை ஆசிரியை கூரையைப் பார்த்தார். டொக்கென்று ரப்பர் டப்பாவில் விழுந்தது.

மேஜைமேல் ஒரே மாதிரி இரண்டு டம்ளர்கள். ஒரு தட்டில் ஒரு மெழுகுவர்த்தி, இன்னொன்றில் மூன்று. வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுத் தாள். எதில் தண்ணீர் அதிகம் ஏறும் என்று பென்சிலில் எழுதச் சொன்னாள். தலைமை ஆசிரியையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எல்லாரும் டம்ளரைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க. நானும் உங்களைப் பாக்கப் போறதில்ல."

கவிழ்த்தாள். குமிழிகள் கிளம்பின. சுடர்கள் சுருங்கி, நீலமாகி, அணைந்தன. பிள்ளைகள் பக்கம் திரும்பத் துடித்த கழுத்தை அவள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம்தான் தண்ணீர் ஏறியது. மூன்று மெழுகுவர்த்தி டம்ளரில் மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே ஏறியது. அடுத்து, நெருப்பே இல்லாமல், சுடுதண்ணீரில் அலசிய டம்ளர். அதிலும் ஏறியது.

"காத்துல அஞ்சுல ஒரு பங்கு பிராணவாயு இருக்கறது நிஜம்" என்றாள். "ஆனா இந்தத் தண்ணி அதை அளந்து காட்டல. சூட்டுல உப்பின காத்து கொஞ்சம் வெளிய போகுது. மிச்சம் குளுந்து சுருங்குது. முக்கியமா அதனாலதான் ஏறுது. பதினோரு வருஷமா நான் தப்பா சொல்லிக் குடுத்தேன். இந்த வகுப்புல ஒருத்தி பாத்துச் சொன்னா."

பின்வரிசையிலிருந்து 'மறுபடி'யின் அம்மா எழுந்தார். கோபமில்லை, நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"அதெல்லாம் சரிங்க டீச்சர். பரீட்சையில எதை எழுதறது?"

தலைமை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள் டீச்சர்.

எல்லாத் தலைகளும் கேள்வித்தாள் போடுபவர் பக்கம் திரும்பின. அவர் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் 'இரண்டும் சமம்' என்று எழுதியிருந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், துழாவி, வெறுங்கையாகத் திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஒத்தைக் கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்து போட்டாப் போதும் சார்" என்றான் முன்வரிசைப் பையன்.

அவர் கோடு போட்டார், கையெழுத்தும் போட்டார். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து மேஜையருகே வந்தார். பெற்றோரை மறந்து, குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார்.

"மறுபடியும் ஒரு தடவை செய்ய முடியுமா டீச்சர்?"

வகுப்பே திரும்பி 'மறுபடி'யைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்திலேயே முகவாயை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். "அணையறப்போ பாருங்க சார். அதுக்கு முன்னாடி ஏறாது" என்று அவருக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

மூன்று தடவை பார்த்தார். கிளம்பும்போது 'மறுபடி'யின் அம்மாவிடம் மட்டும், "இந்த வருஷத் தாளை இன்னும் நான் அச்சுக்குக் குடுக்கலம்மா" என்றார். ரப்பரை டப்பாவிலேயே மறந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை, அதுவே பாதி நிம்மதி.

"ரூம் இருக்கட்டும். ஆனா ரெண்டு வகுப்புல ஒண்ணு கணக்குக்குப் போகுது. அதுக்கு மேல என்னால இழுக்க முடியல."

"சரிங்க மேடம்."

"அப்புறம், மெழுகைத் தரையில சிந்தாதீங்க. ஆயா என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க." போனவர் திரும்பி, "சூடான டம்ளர்னு சொன்னீங்களே, எவ்வளவு சூடு இருக்கணும்? வீட்டுல செஞ்சேன், எனக்கு ஏறவே இல்ல" என்றார்.

மிச்சமிருந்தது சுவர் அட்டை. இரண்டாம் வரிக்கு ஒற்றைக் கோடு போடப் பேனாவை எடுத்தாள். பிளாஸ்டிக் உறைமேல் மை நிற்கவில்லை. எத்தனை தரம் இழுத்தாலும் வழுக்கி வழிந்தது. கடைசியில் டயர்க்கடையிலிருந்து கறுப்பு ஒட்டு நாடா கொண்டுவந்து, மெல்லிய கீற்றாகக் கத்தரித்து, வரியின் குறுக்கே ஒட்டினாள். எழுத்துகள் மேலும் கீழும் நன்றாகவே தெரிந்தன. பக்கத்தில் சின்னத் தாளில் கையெழுத்து.

'மறுபடி' அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நோட்டில் ஓட்டை விழுந்த தாளுக்கு அடுத்த பக்கத்தில், பழைய வரி திரும்பவும் பேனாவில் ஏறியிருந்தது.

"டீச்சர், குளுந்தா காத்து சுருங்குதுல்ல?"

"ஆமா."

"இன்னும் குளுந்தா இன்னும் சுருங்குமா?"

"சுருங்கும்."

"ரொம்ப ரொம்ப ரொம்பக் குளுந்தா? சுருங்கிச் சுருங்கி ஒண்ணுமே இல்லாமப் போயிடுமா?"

டீச்சருக்குப் படித்த காலத்து ஞாபகம் ஏதோ ஒன்று தலை நீட்டியது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"இடப்பக்கத்துல எழுது" என்றாள். "எனக்கும் ஒரு தாள் கிழிச்சுக் குடு."